கதவு வேண்டாம் என்றார் ஆ லோங்

வரைபடத்தை விரிக்க அங்கே மேஜை இல்லை. கரும்பு வெட்டி முடித்த நிலம். நடுவே இடுப்பளவு உயரத்தில் தட்டையான கருங்கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் காகிதத்தை விரித்து, நான்கு மூலைகளிலும் கைக்குக் கிடைத்த கற்களை வைத்தேன். கடல் பக்கத்துக் காற்று அடியில் புகுந்து காகிதத்தை உப்பச் செய்துகொண்டிருந்தது.

ஆ லோங் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த குளத்தை அவர் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போகும் நடைபாதையையும் பார்க்கவில்லை. சமூகக் கூடத்துக்குப் பின்னால், ஒரு மூலையில் நான் போட்டிருந்த சின்னச் சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். நான்கு தூண், ஒரு கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய். வழிப்போக்கர் தங்க அவர் கேட்டிருந்த இடம்.

அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனார். கூடத்தைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, வாசலையும் தாண்டிச் சாலைக் கோட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கே."

"மிஸ்யே ஆ லோங், அங்கே வைத்தால் சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கோயில் மறைந்துவிடும்."

"மறையட்டும். இங்கேதான் வேண்டும். கதவு வேண்டாம்."

"நான்கு தூணுக்குக் கதவு எங்கே வரப்போகிறது?"

"இன்றைக்கு வராது. பிறகு வருகிறவர்கள் சுவர் வைப்பார்கள். சுவர் வந்தால் கதவு வரும். அதனால் நீங்கள் படத்திலேயே எழுதிவிடுங்கள், கதவு கூடாது என்று."

சிவப்புப் பென்சிலை எடுத்து எழுதினேன். எழுதும்போது கை கனத்தது. அது ஏன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மரம் நடுகிற மிஸ்யே

கோயம்புத்தூர் நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கரும்புத் தோட்டக் கூலி வீட்டுப் பிள்ளை கப்பலேறிப் போய்த் தோட்டக்கலை படித்து, மொரீசியஸ் திரும்பி என்னதான் செய்தார் என்று.

செய்தது அதிகமில்லை. வடக்கே அரசாங்கப் பூங்காவில் வேலை கிடைத்தது. மரங்களுக்குப் பெயர்ப் பலகை எழுதுவேன், நாற்று வளர்ப்பேன். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம், மாதா கோயில், நம் கோயில் என்று யார் கூப்பிட்டாலும் போய், எந்த மரம் எங்கே, வழி எப்படி, தண்ணீர் எப்படி வடியும் என்று வரைந்து கொடுப்பேன். அந்த வேலைக்கு அப்போது எங்கள் தீவில் பெயர் கிடையாது. மரம் நடுகிற மிஸ்யே என்பார்கள். மிஸ்யே என்றால் ஐயா.

கோயம்புத்தூர் எனக்குத் தந்தது இரண்டு. ஒன்று, அளவு பிசகாமல் வரைவது. இன்னொன்று தமிழ். எங்கள் வீட்டில் தமிழ் இருந்தது. ஆனால் அது சாமி கும்பிடவும், உறவு சொல்லிக் கூப்பிடவும், திட்டவும் போதுமான தமிழ். மற்றதெல்லாம் கிரியோல்தான். அம்மா இரண்டையும் கலந்தே பேசுவாள். இந்தத் தொடரை இன்று தமிழில் எழுத முடிகிறது என்றால் அது அந்த மூன்று வருஷத்தின் புண்ணியம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஆ லோங் பூங்காவுக்கு வந்தார். கூடவே அவர் மகள் தெரேஸ். கன்னிமாடப் பள்ளியில் ஆசிரியை. ட்ரியோலேவிலிருந்து ரிவியேர் டு ராம்பார் போகும் வழியில், பழைய கரும்புத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், சீனக் குடும்பங்கள் சேர்ந்து மூன்று ஏக்கர் வாங்கியிருந்தார்கள். அங்கே ஒரு புத்தர் கோயில். பக்கத்தில் ஒரு சமூகக் கூடம். கல்யாணம் நடத்த, பிள்ளைகளுக்குச் சீன எழுத்துச் சொல்லிக்கொடுக்க, வயதானவர்கள் கூடி உட்கார, செத்தவர்களைக் கிடத்தி வைக்க. தலைநகரத்துக் கோயிலுக்குக் கிழவர்களால் அடிக்கடி போக முடியவில்லை என்றார்.

"கட்டிடம் கட்ட ஆள் இருக்கிறது. நிலத்தை ஒழுங்கு செய்ய ஆள் இல்லை" என்று தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெயர் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டார் முன்பு கூலி வேலை செய்த அந்தத் தோட்டத்தில் அந்தப் பெயரில் கடை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பெரிய நிலம் அதுவரை என் கைக்கு வந்ததில்லை என்பது ஒரு காரணம். அந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூடிய கடை

முப்பதுகளின் கடைசியில் தோட்டங்களில் நடந்த கலகங்களைப் பற்றிப் புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் நடந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா சொன்னது மட்டும்தான். அதையும் அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், நான் கப்பலேறுவதற்கு முதல் நாள்.

என் அண்ணன் பெயர் மாணிக்கம். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது இடைவெளி. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அன்று எனக்கு நாலு வயது. கக்குவான் இருமல் என்று என்னை ட்ரியோலேவில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை. படமும் கிடையாது.

கூலியைக் குறைத்ததற்காக ஆட்கள் ஆலை வாசலில் கூடினார்கள். அண்ணன் போக வேண்டாம் என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். காலையில் அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் அம்மாதான், "எல்லா வீட்லயும் போறாங்க, நீயும் போயிட்டு வாடா" என்று அனுப்பிவைத்தாள். சற்று நேரத்தில் மனசு கேட்காமல் அவளும் பின்னாலேயே போனாள்.

துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டார்கள். அண்ணனுக்கு வயிற்றில் பட்டது. அம்மா அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு சீனக் கடை வராந்தாவுக்கு வந்தாள். தோட்டத்தில் பகலில் எப்போதும் திறந்திருக்கும் ஒரே கதவு அதுதான். அன்று மூடியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. பலகை இடுக்கில் ஒரு சட்டை அசைந்ததை அவள் பார்த்தாள்.

"மிஸ்யே, தண்ணி, மிஸ்யே" என்று கதவை அடித்தாள். திறக்கவில்லை.

அவனைக் கதவில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுக் கால்வாய்க்கு ஓடினாள். முந்தானையை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது.

அடக்கம் முடிந்த அன்று அப்பா அம்மாவிடம், "நீதானே அனுப்பினே" என்றார். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. குடும்பம் ட்ரியோலேவுக்கு வந்துவிட்டது. அப்பா இருபது வருஷத்துக்கு மேல் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தார், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல். பெரிய புயல் அடித்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கல் மலை

அந்த நிலத்துக்கு முதலில் போனபோது, நிலம் வாங்கிய சீனக் குடும்பங்களின் இளைஞர்கள் சிலர் வந்திருந்தார்கள். நடுவில் இருந்த கல் மலையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு அங்கே பூப்பந்து மைதானம் போட வேண்டும் என்றார்கள்.

மொரீசியஸ் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் மலை தெரியும். எரிமலை கக்கிய தீவு எங்களுடையது. மண்ணைவிடக் கல் அதிகம். கரும்பு நட வேண்டுமென்றால் கல்லைப் பொறுக்க வேண்டும். கூலிகள் தலையில் சுமந்து வயல் நடுவே ஓரிடத்தில் அடுக்கினார்கள். கட்டிடம் மாதிரி உயர்ந்து நிற்கும். இதுவும் அப்படி ஒன்று. இரண்டு ஆள் உயரம், அறுபது அடி நீளம். இதில் எங்கள் அம்மா தூக்கிப் போட்ட கல்லும் உண்டு. எது என்று யாருக்குத் தெரியும்.

ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த பிக்குணி, கோயில் பக்கம் சத்தம் கூடாது என்றார். இளைஞர்களுக்குச் சத்தம் போட இடம் வேண்டும். ஒரே நிலத்தில் இரண்டும் எப்படி? இரண்டு சனிக்கிழமை கல் மலையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூன்றாவது தடவை விடை அதிலேயே இருப்பது தெரிந்தது.

கல்லை எடுக்க வேண்டாம். அதுவே சுவர். கிழக்குப் பக்கம் கோயில், மேற்குப் பக்கம் கூடமும் சமையலறையும் மைதானமும். பந்து அடிக்கிற சத்தம் கல்லைத் தாண்டி வராது. மேட்டிலிருந்து வடியும் மழைத் தண்ணீர் கல்லின் காலில் வந்து நிற்கும். அங்கேயே குளம் வெட்டித் தாமரை விடலாம். கல் இடுக்கில் பெரணிச் செடி தானாக வரும். வழி மட்டும் அதைச் சுற்றி வளைந்து போகட்டும்.

பிக்குணிக்குக் கிரியோல் தெரியாது. தெரேஸ் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் படத்தைப் பார்க்காமல் நிலத்தில் இறங்கி, நான் முளை அடித்திருந்த வழியில் மெதுவாக நடந்தார். திரும்பி வந்து ஒன்று மட்டும் சொன்னார். இரண்டு கிழவிகள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அகலம் வேண்டும். நான் போட்டிருந்தது ஒரு ஆளுக்கான வழி. ஒன்றரை அடி கூட்டினேன்.

அரசமரம் வேண்டும் என்றார்கள். அது அவர்களுக்குப் போதிமரம். பூங்காவில் நான் வளர்த்திருந்த கன்று ஒன்று இருந்தது. வேர் கட்டிடத்தைப் பிளக்கும் என்பதால் கோயிலிலிருந்து எழுபது அடி தள்ளிக் குழி எடுக்கச் சொன்னேன்.

"நிழல் விழ எத்தனை வருஷம்?" என்று ஆ லோங் கேட்டார்.

"இருபது."

அவர் தலையாட்டினார். "நல்ல கணக்கு. நான் அதன் கீழ் உட்கார மாட்டேன். அதனால் எனக்காக நட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது."

இப்படிப் பேசுகிற மனிதரை வெறுப்பது எளிதாக இல்லை. அதற்காக நான் வெறுக்காமலும் இல்லை. அவர் நீட்டிய தேநீரை ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன்.

கட்டை மேல் கை

சிவப்புப் பென்சிலால் எழுதி முடித்த அந்தக் காலைக்கு வருகிறேன்.

"ஏன் சாலை ஓரத்திலேயே?" என்று கேட்டேன். 

ஆ லோங் இன்னொரு கல்லில் உட்கார்ந்தார். தூரத்தில் கரும்பு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"இங்கிருந்து கால் மைல் தூரத்தில்தான் என் முதல் கடை. அப்போது நான் தனி ஆள். மனைவி சீனாவிலிருந்து வந்து சேரவில்லை. ஒரு நாள் ஆலை வாசலில் சுட்டார்கள். சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து கதவை அடித்தாள். தண்ணீர் கேட்டாள். அவளோடு அடிபட்ட பையன் ஒருவன் இருந்தான்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கையைக் கட்டை மேல் வைத்தேன். தூக்கவில்லை."

"ஏன்?"

"பயம். திறந்தால் பின்னாலேயே துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள் என்று பயம். யாரும் வரவில்லை. அவள் ஓடிவிட்டாள். பையன் கதவில் சாய்ந்து கிடந்தான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் செத்த பிறகும் என் கை கட்டை மேலேயே இருந்தது."

"அந்தக் குடும்பம் யார் என்று தெரியுமா?"

"பிறகு தேடினேன். தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். பெயர் தெரியாது. தினமும் என்னிடம் அரிசி வாங்கியிருப்பாள், மிஸ்யே சொக்கலிங்கம். முகத்தைப் பார்த்ததில்லை."

அந்தப் பெண் என் அம்மா என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா சுரண்டிய மண்

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. தெரேஸ் பூங்காவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினாள். பதில் போடவில்லை.

அம்மாவிடம் நான் ஏதோ பள்ளிக்கூட வேலை என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பின்வாசலில் உட்கார்ந்து பதினைந்து நாளாக மண் காய்ந்து கிடந்த என் பூட்ஸை ஒரு கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டியதை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எந்த எக்கோல் மண்ணு?" என்றாள். எக்கோல் என்றால் பள்ளிக்கூடம்.

மண் ஒட்டிய விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நம்ம பழைய தோட்டத்து மண்ணு. பொடிக்கல்லு கலந்திருக்கு பாரு. இருபது வருசம் இதுலதான் குனிஞ்சு கெடந்தேன். எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், நிலம், ஆ லோங், அவர் சொன்னது. அம்மா பூட்ஸைக் கீழே வைக்கவில்லை.

"கையைக் கட்டை மேல வச்சிருந்தேன்னு அவனே சொன்னானா?"

"ஆமாம்மா."

"கிட்டத்துலதான் நின்னிருக்கான்."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவும் இல்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், விளக்கேற்றினாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, விபூதியை என் நெற்றியில் இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தச் சினுவாகிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும். நாளைக்குக் கூட்டிட்டுப் போ."

சினுவா என்றால் சீனர்.

அவர் வைத்திருந்தது

மறுநாள் முற்பகல். கொத்தனார்கள் கோயில் படிக்குக் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணில் கால் வைத்தாள். செருப்பைச் சாலையோரமே கழற்றிவிட்டாள். கோயிலுக்காகவா, பழக்கத்திலா தெரியவில்லை.

ஆ லோங் குளத்துக்குத் தோண்டிய பள்ளத்தின் அருகே தெரேஸோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"மிஸ்யே சொக்கலிங்கம். கோபமோ என்று நினைத்தேன்."

"இது என் அம்மா," என்றேன். "அன்றைக்கு உங்கள் கதவைத் தட்டியவள். அடிபட்டவன் என் அண்ணன்."

அவர் தொப்பியை எடுத்தார். எடுத்த தொப்பியை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தெரேஸ் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கொத்தனார்களின் உளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா அவர் எதிரே, கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள். கிரியோலில் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் உன்னோட சண்டை போட வரலை. ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நான் தண்ணிக்கு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள என் பிள்ளை போயிட்டான். நான் இல்லாதப்போ அவன் ஏதாவது சொன்னானா? நீ கதவுகிட்டதானே நின்னே. உனக்குக் கேட்டிருக்கும்."

ஆ லோங்கின் உதடுகள் அசைந்தன.  வந்த சொற்கள் கிரியோல் இல்லை.

"நானாத் தா வந்தே, அப்பா. அம்மா சொல்லல."

தமிழ். ஒரு சீனர் வாயில், சீன ராகத்தில், என் அண்ணனின் தமிழ்.

தெரேஸ் மெல்ல என்னிடம் சொன்னாள்: "பப்பா தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றும்போது இதைச் சொல்வார். நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தோம்."

"எனக்கு அர்த்தம் தெரியாது," என்றார் ஆ லோங். "உங்கள் மொழியில் அரிசி, உப்பு, எண்ணெய் தெரியும். எண்ணத் தெரியும். இது தெரியாது. மறந்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால், எங்கே கேட்டாய் என்பார்கள்."

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் அம்மா.

சொன்னார். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள், காது மந்தமானவர்கள் கேட்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தாள்.

"பொய்யிடா சொக்கா. நான்தான் போகச் சொன்னேன். அவன் சும்மாதான் உக்காந்திருந்தான். நான்தான் போடான்னேன். அப்பா என்னைத் திட்டுவாருன்னு அவனுக்குத் தெரியும். சாகற நேரத்துல எனக்காகப் பொய் சொல்லியிருக்கான்."

அம்மா நின்ற இடத்திலேயே உட்காரப் போனாள். நான் பிடிப்பதற்குள் தெரேஸ் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தாள். அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா செத்தபோதுகூட அவள் அழவில்லை.

ஆ லோங் என்னைப் பார்த்தார். நான் கிரியோலில் அர்த்தம் சொன்னேன்: நானாகத்தான் வந்தேன் அப்பா, அம்மா சொல்லவில்லை.

"அப்பா என்பது தெரியும்," என்றார். "உங்கள் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்." கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "என்னையா அவன் அப்படிக் கூப்பிட்டான்?"



ஒரு வேப்பமரம்

அம்மா அவரை மன்னித்தாளா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சாலையோரக் கூரையில் அண்ணன் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கட்டுமா என்று மட்டும் ஆ லோங் கேட்டார்.

"வேணாம்," என்றாள் அம்மா. "அவன் பேரு எங்ககிட்ட இருக்கட்டும்."

போவதற்கு முன் கூரை வரப்போகும் இடத்தைக் காட்டச் சொன்னாள். நான்கு முளைகள் அடித்திருந்தேன். நடுவில் போய் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்த்தாள்.

"சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் வை. இதைக்கூடப் பாக்காம என்னத்தப் படிச்சே?"

படத்தில் அதைச் சேர்த்தேன். அந்த நிலத்தில் எங்கே என்று நான் தீர்மானிக்காத மரம் அது ஒன்றுதான்.

தீவு சுதந்திரம் பெற்றுக் கொடி மாறுவதற்கு முந்தின வருஷம் கோயில் திறந்தார்கள். அதற்கடுத்த சில மாதங்களில் தலைநகரில் இனக் கலவரம் மூண்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டபோது, மூட்டை முடிச்சோடு வடக்கே வந்த குடும்பங்கள் அந்தக் கூரையின் கீழ்தான் முதலில் இறங்கின. எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. கூடத்துச் சமையலறையில் மூன்று நாள் சோறு வடித்தார்கள். ஆ லோங் சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று தெரேஸ் சொன்னாள். அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார்.

ஆனால் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இவை எதுவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் வீடு திரும்பிய பஸ்.

திரும்பும் வழி

பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கண் இன்னும் சிவந்திருந்தது. வெட்டின கரும்பின் புளித்த வாடை காற்றோடு உள்ளே வந்தது.  அம்மா வெளியே பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"மாணிக்கத்துக்குப் பாட்டே வராது. கோயில்ல எல்லாரும் பாடறப்போ வாயை மட்டும் அசைப்பான். பூசாரி பாத்துடுவாரோன்னு தூணுக்குப் பின்னால நிப்பான்."

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"பூனைன்னா பயம். இம்மாம் பெரிய ஆம்பளை, பூனை குறுக்க வந்தா என் பின்னால வந்து ஒளிவான். நீ பொறந்தப்போ அழுதான், தெரியுமா? தம்பி வேணாம், ஆட்டுக்குட்டி வேணும்னான். பதினாலு வயசுப் பையன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. உன்னைக் கீழயே விடலை. கரும்புச் சோகையில உனக்கு ஒரு தொப்பி பின்னினான். காது ரெண்டையும் மூடிக்கும். அதைப் போட்டா நீ அழுவே. கழட்டினா அவன் அழுவான்."

அவள் சிரித்தாள். அம்மாவின் கீழ்ப்பல் ஒன்று வளைந்திருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதுவரை அண்ணன் எப்படிச் செத்தான் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். முப்பது வயதுக்கு மேல், ஓடுகிற பஸ்ஸில், எனக்கு ஓர் அண்ணன் வந்துகொண்டிருந்தான். ஊறுகாயைத் திருடித் தின்கிறவன். இடது கையால் கல்லெறிகிறவன். தூக்கத்தில் மாட்டுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன்.

ட்ரியோலே வந்தது. எங்கள் தெரு முனை தெரிந்தது. இறங்க வேண்டுமானால் ஜன்னலுக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து மணியடிக்க வேண்டும். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். தெரு முனை கிட்டே வந்தது, ஜன்னலைக் கடந்தது, பின்னால் போயிற்று. நான் கயிற்றைத் தொடவில்லை.